கல்யாணப் படத்துக்குப் புது பாடி எப்போது தேவை?

ஆடி பிறந்தால் தமிழ்நாட்டில் கல்யாண போட்டோகிராபர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆவணி வரைக்கும் முகூர்த்தம் கிடையாது. வைகாசி, ஆனியில் எடுத்த கல்யாணங்களுக்கு ஆல்பம் வேலை ஓடிக்கொண்டிருக்கும், பாக்கிப் பணமும் ஓரளவு வசூலாகியிருக்கும். கேமரா பாடியை, அதாவது லென்ஸைக் கழற்றினால் மிஞ்சும் கேமராவை, மாற்றலாமா என்ற பேச்சு பெரும்பாலும் அப்போதுதான் கிளம்பும்.

கையில் இருப்பது 2012-ல் வந்த கேனன் 5டி மார்க் 3 அல்லது 6டி, இல்லாவிட்டால் 2014-ல் வந்த நிக்கான் டி750 என்று வைத்துக்கொள்வோம். இவை இன்னும் நிறைய ஸ்டூடியோக்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. எதிரே கேனன் ஆர்6, சோனி ஏ7, நிக்கான் இசட்6 என்று உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வரிசைகள். லென்ஸ் இல்லாமல் பாடி மட்டுமே சுமார் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை போகும். சின்ன ஸ்டூடியோ ஒன்றுக்கு இது ஒரு சீசன் சம்பாத்தியத்தில் பெரிய துண்டு. அதனால் இந்த முடிவை ஆசைக்கும் கடைக்காரர் பேச்சுக்கும் விட்டுவிடக் கூடாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில், போன சீசனில் நீங்கள் கழித்துப் போட்ட படங்களில் இருக்கிறது. ஒரு நல்ல படம் ஏன் கெட்டது என்று பார்த்து, அந்தக் குறை பாடியினுடையதுதான் என்று கை வைத்துக் காட்ட முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்தப் பணம் லென்ஸுக்கோ லைட்டுக்கோ போகட்டும்.

இதைச் செய்வது எளிது. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் போன சீசனின் சில கல்யாணங்களைத் திறந்து, ஆல்பத்துக்குத் தேறாத படங்களை மட்டும் பாருங்கள். கண் மூடியவை, யாரோ கைபேசியோடு குறுக்கே வந்தவை, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தவை எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் இருப்பவை, தருணம் கிடைத்தும் படம் கெட்டுப்போனவை. பார்த்தாலே வயிறு எரியும் படங்கள். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண் குறைந்தால் துளை பெரிது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு), எந்த லென்ஸ் என்பதெல்லாம் ஒவ்வொரு படத்தோடும் பதிவாகியிருக்கும்.

மாலை மாற்றும்போது கை இழுபட்டுத் தெரிகிறதா? ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். 1/60-ல் எடுத்திருந்தால் எந்தப் பாடியும் அந்தப் படத்தைக் காப்பாற்றியிருக்காது. புதிய பாடிகளுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் நம் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும், எதிரே நிற்பவர் அசைவதை அது நிறுத்தாது. போகஸ் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி கண்ணைத் தாண்டிக் காதுக்குப் போயிருக்கிறதா? அது அந்த லென்ஸும் பாடியும் ஒத்துப்போகாத கதை. இந்தப் பழைய பாடிகளைப் போலக் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் போகஸ் பார்க்கும் சென்சார் தனியாகக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, படம் பதிவாகும் சென்சார் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே மயிரிழை வித்தியாசம் வந்தாலே போகஸ் முன்பின் நகரும். இதைச் சரிசெய்யும் அளவமைப்பு 5டி மார்க் 3, 6டி, டி750 மூன்றின் மெனுவிலும் உண்டு. ஒரு மத்தியானம் உட்கார்ந்து லென்ஸ் லென்ஸாகச் சரிபார்த்தால் செலவே இல்லாமல் தீர்ந்துவிடும். போகஸ் ஒரு படத்தில் முன்னால், அடுத்ததில் பின்னால், இன்னொன்றில் சரியாக என்று நிலையில்லாமல் இருந்தால்தான் பாடியின் மேல் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து, கல்யாணத்தில் நீங்கள் செய்யும் வேலை எது என்பது. இப்போதெல்லாம் ஒரு கல்யாணத்துக்கு டிரடிஷனல் போட்டோ, டிரடிஷனல் வீடியோ, போஸ் சொல்லாமல் நடப்பதை அப்படியே எடுக்கும் கேண்டிட், சினிமா பாணி வீடியோவான சினிமேட்டிக் என்று நாலு பேராவது போகிறார்கள். டிரடிஷனல் எடுப்பவர் மேடைக்கு நேர் எதிரே பிளாஷோடு நிற்கிறார். குடும்பம் குடும்பமாக வந்து வரிசையில் நின்று, பரிசைக் கொடுத்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குகிறார்கள். எஃப் 8, பிளாஷ், இரண்டு மூன்று மீட்டர் தூரம். இந்த வேலைக்குக் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த எந்த நல்ல பாடியும் போதும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோபோகஸுக்கு அங்கே வேலையே இல்லை. இப்படி எடுப்பவர் இரண்டு லட்சம் போட்டுப் பாடி வாங்கினால் ஆல்பத்தில் ஒரு பக்கம்கூட வித்தியாசப்படாது என்று உறுதியாகச் சொல்வேன். அவருக்கு நல்ல பிளாஷ், அதற்கு ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், கூட லைட் பிடிக்க ஒரு பையன், இவை தரும் பலன் பெரிது. இனி சொல்லப்போவது பெரும்பாலும் கேண்டிட் எடுப்பவர்களுக்கு.

ஆனால் இரு தரப்புக்கும் பொதுவான ஒன்றை முதலில் பார்த்துவிட வேண்டும். கார்டு. தாலி கட்டுவதை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. கார்டு எப்போது படுக்கும் என்று யாருக்கும் தெரியாது, நல்ல கம்பெனி கார்டும் படுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவு செய்யும் பாடி கல்யாண வேலைக்கு அடிப்படைத் தேவை. 6டியில் ஒரு கார்டுக்குத்தான் இடம். அதை முக்கியப் பாடியாக வைத்துக் கல்யாணம் எடுப்பவர், படங்கள் எவ்வளவு நன்றாக வந்தாலும், மாற்றுவதே சரி. அதற்காகப் புதிய மிரர்லெஸ்தான் வேண்டும் என்றில்லை. நல்ல நிலையில் இருக்கும் பழைய 5டி மார்க் 3 ஒன்றை வாங்கினால் இருக்கும் லென்ஸ்கள் அப்படியே பொருந்தும், சிஎஃப் கார்டு ஒன்று, எஸ்டி கார்டு ஒன்று என இரண்டு இடம் கிடைக்கும். அதில் எஸ்டி பக்கம் மெதுவானது. அதனால் சிஎஃப்பில் ரா (சென்சார் பதிந்த முழுத் தகவல்), எஸ்டியில் ஜேபெக் (சுருக்கிய படம்) என்று பிரித்து வைத்தால் வேகம் அவ்வளவாகக் குறையாது.

புதிய பாடி என்றாலே இரண்டு கார்டு இருக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. கேனனின் முதல் ஆர், ஆர்பி, 2023-ல் வந்த ஆர்8, சோனியின் ஏ7சி, அதன் இரண்டாம் பதிப்பு எல்லாமே ஒற்றைக் கார்டு. 2018-ல் வந்த முதல் நிக்கான் இசட்6, இசட்7 இரண்டும் அப்படியே. அதற்காக நிக்கான் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் 2020-ல் வந்த இரண்டாம் பதிப்புகளில் இரண்டாவது கார்டு வந்தது. விலை மலிவாகத் தெரிகிறதே என்று இவற்றில் ஒன்றைக் கல்யாணத்துக்காக வாங்குவது, 5டி மார்க் 3-ஐ விட்டுப் பின்னால் போவதற்குச் சமம்.

இனி ஆட்டோபோகஸ். மிரர்லெஸுக்கு மாறுவதற்கு நியாயமான காரணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

நம் கல்யாணங்களில் முக்கியமானவை நடப்பது வெளிச்சம் மோசமான நேரத்தில், நெரிசலில், வேகமாக. நாலரைக்கும் ஆறுக்கும் இடையே முகூர்த்தம் என்றால் வெளியே இன்னும் விடிந்திருக்காது. வீடியோக்காரரின் எல்இடி லைட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் வெளிச்சம். ஹோமப் புகை மேடையை மூடியிருக்கும். "கெட்டி மேளம்" என்று குரல் வந்ததும் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்வார்கள். பிராமணக் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது மாமன்மார்கள் தோளில் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுவார்கள். முகம் ஃபிரேமின் எந்த மூலையில் வந்து நிற்கும் என்று யாராலும் கணிக்க முடியாது. ஊஞ்சலில் இருவரும் கேமராவை நோக்கி வந்து வந்து போவார்கள், ஒவ்வொரு ஆட்டத்திலும் தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

5டி மார்க் 3-ல் 61 போகஸ் புள்ளிகள் உண்டு. ஆனால் எல்லாம் ஃபிரேமின் நடுப்பகுதியில் குவிந்திருக்கும். 6டியில் மொத்தமே 11, அதில் நம்பகமானது நடுப்புள்ளி ஒன்று. (அந்த நடுப்புள்ளி மட்டும் இருட்டில் அபாரமாக வேலை செய்யும், அதைச் சொல்லாமல் விட்டால் 6டிக்குச் செய்யும் அநியாயம்.) பெண்ணின் முகம் ஓரத்தில் இருக்க வேண்டும் என்றால் நடுப்புள்ளியால் கண்ணில் பூட்டிவிட்டு, கேமராவைத் திருப்பி, பிறகு அழுத்த வேண்டும். எஃப் 4-ல் இது நடக்கும். எஃப் 1.4-ல் அந்தத் திருப்பத்திலேயே போகஸ் தளம் நழுவி, கண்ணிமை மங்கி மூக்குத்தி தெளிவாக வந்து நிற்கும். 2018-ல் வந்த சோனி ஏ7 மார்க் 3-ல் 693 புள்ளிகள் ஃபிரேமின் 93 சதவீதப் பரப்பில் விரிந்திருக்கின்றன. கண்ணைத் தானாகத் தேடிப் பின்தொடரும் வசதி 2019 ஏப்ரலில் வந்த ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) 3.0-வில் முழு அளவில் சேர்ந்தது. கேனன் ஆர்6-ம் அதற்குப் பிந்தைய நிக்கான் பாடிகளும் இதையே தங்கள் வழியில் செய்கின்றன. போகஸ் பார்ப்பதும் படம் பதிவதும் ஒரே சென்சார் என்பதால், முன்பின் நகரும் பிரச்சினையும் ஏறக்குறைய ஒழிந்துவிடுகிறது.

இதனால் போட்டோகிராபரின் கவனம் எங்கே போகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போகஸ் புள்ளியைக் கட்டைவிரலால் நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் இப்போது பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பதைப் பார்க்க முடிகிறது. கேண்டிட் வேலையில் அந்த ஒரு நொடிதான் சம்பளம். கழித்துப் போட்ட படங்களில் பெரும்பங்கு இப்படி ஓரத்து முகங்களும் நகரும் முகங்களும் போகஸ் தவறியவையாக இருந்தால், பாடியை மாற்ற வேறு காரணமே தேட வேண்டாம்.

அதே சமயம் இந்தக் கண் பிடிக்கும் போகஸ் மந்திரம் அல்ல. அட்சதை தூவும்போது நடுவே பறக்கும் அரிசியும் பூவிதழும் போகஸை முன்னுக்கு இழுத்துவிடும். பெண் முழுக்கக் குனிந்து கண்ணைத் தாழ்த்தி இருக்கும்போது, நெற்றிச்சுட்டியும் மாலையும் முகத்தில் பாதியை மறைக்கும்போது, கேமரா பக்கத்தில் இருக்கும் தோழியின் திறந்த கண்ணுக்குத் தாவிவிடும். யாரைப் பின்தொடர வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது, எவ்வளவு சீக்கிரம் தாவலாம் என்ற அளவைக் குறைப்பது, தேவைப்பட்டால் ஒற்றைப் புள்ளிக்கு மாற ஒரு பொத்தானை ஒதுக்குவது, இவையெல்லாம் பழகிக் கைக்கு வர நாளாகும்.

இன்னொரு விஷயம் வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது. டிஎஸ்எல்ஆரில் பிளாஷிலிருந்து ஒரு சிவப்புக் கோட்டு ஒளி வந்து, கும்மிருட்டிலும் போகஸுக்கு உதவும். பெரும்பாலான மிரர்லெஸ் பாடிகள் அந்த ஒளியைப் பயன்படுத்துவதில்லை. மாப்பிள்ளை அழைப்பில் தெருவில் லைட் அணைந்த நேரத்திலோ, ரிசப்ஷனில் டான்ஸுக்காக ஹாலை இருட்டாக்கும்போதோ, பழைய 5டி பட்டென்று பிடித்த போகஸைப் புதிய பாடி தேடித் தேடித் தடுமாறுவதுண்டு. உங்கள் வேலையில் பாதி அப்படிப்பட்ட இருட்டு என்றால், வாங்கும் முன் அந்த இருட்டிலேயே வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

சரி, அடுத்தது லைட் துடிப்பு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்துக் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. 1/100-ல் எடுத்தால் ஒரு முழுத் துடிப்பு உள்ளே வந்துவிடும், படம் ஒழுங்காக இருக்கும். 1/250-க்குப் போனால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, இன்னொன்றில் பாதி மஞ்சள் பாதி பச்சையாக வரும். துடிப்பின் உச்சத்தைக் கணித்து அந்தக் கணத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கேனன் 2014-ல் 7டி மார்க் 2-ல் கொண்டுவந்தது, 2016-ன் 5டி மார்க் 4-லும் இருக்கிறது, இன்றைய மிரர்லெஸ் பாடிகளில் பரவலாகிவிட்டது. 5டி மார்க் 3-ல் கிடையாது. உங்கள் ஊர் மண்டபங்களில் எடுத்த படங்களில் இந்தப் பட்டைகள் அடிக்கடி தெரிந்தால், பாடி மாற்ற அது இன்னொரு வலுவான காரணம். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரை வேறு ரகம், அது இதைவிடப் பல மடங்கு வேகமாகத் துடிக்கும். அதற்கு ஷட்டர் வேகத்தைச் சின்னச் சின்னப் படிகளாக மாற்றிப் பொருத்தும் வசதி வேண்டும், 2021-க்குப் பிந்தைய சில பாடிகளில் அது உண்டு.

மிரர்லெஸின் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். தேவாலயத்தில் உறுதிமொழி சொல்லும்போது அது பெரிய வரம். பாதிரியார் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் சாதாரண சென்சார் மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு, சில பாடிகளில் பதினைந்தில் ஒரு பங்குகூட ஆகிறது. அதற்குள் மண்டபத்து எல்இடி பல தடவை துடித்து, படம் முழுக்கக் கோடு கோடாகிவிடும். பிளாஷும் பெரும்பாலான பாடிகளில் அந்த முறையில் அடிக்காது. சென்சாரின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் படிக்கும் சோனி ஏ9 மார்க் 3, 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்திருக்கிறது, ஆனால் அதன் விலையைக் கல்யாண ஸ்டூடியோ நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. மண்டபத்துக்குள் மெக்கானிக்கல் ஷட்டர், தேவாலயத்துக்குள் சோதித்த பிறகு எலக்ட்ரானிக், இதுதான் நடைமுறை. டிஜே வைக்கும் லேசர் ஒளி நேராக லென்ஸுக்குள் வந்தால் சென்சார் நிரந்தரமாகப் பழுதாகும். மிரர்லெஸில் சென்சார் எந்நேரமும் திறந்தே இருப்பதால் அபாயம் அதிகம். லேசர் போட்டால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

இருட்டில் படம் சொரசொரவென்று வருகிறது என்பதற்காகப் பாடி மாற்ற நினைப்பவர்கள்தான் அதிகம். இங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. 5டி மார்க் 3-க்கும் ஆர்6-க்கும் ஒரே ஐஎஸ்ஓவில் உள்ள வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கும் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). டி750-லிருந்து மாறுபவருக்கு அதுவும் கிடைக்காது, அந்தச் சென்சார் இன்றைக்கும் நன்றாகத் தாங்குகிறது. சொரசொரப்பு வருவது வெளிச்சம் போதாததால், அந்த வெளிச்சத்தை உள்ளே கொண்டுவருவது லென்ஸ். எஃப் 4 ஜூமில் ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட இடத்தில், எஃப் 1.8 லென்ஸில் ஏறக்குறைய 1250 போதும். இரண்டு ஸ்டாப்புக்கு மேல் லாபம். கேனனின் 50 எம்எம் எஃப் 1.8 பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் லென்ஸ். பையில் இன்னும் 24-105 எஃப் 4 மட்டுமே இருக்கிறது என்றால், 35, 50, 85 இவற்றில் இரண்டு பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸ் வாங்குவது பாடி மாற்றுவதைவிடப் பல மடங்கு பலன் தரும்.

ஜேபெக்கிலேயே எடுத்து டிசைனருக்கு அனுப்புபவர்கள் முதலில் ரா-வுக்கு மாறிப் பாருங்கள். அடோப் 2023 ஏப்ரலில் லைட்ரூமில் கொண்டுவந்த டீநாய்ஸ் ரா படத்தின் சொரசொரப்பை வியக்கும்படி துடைக்கிறது. 5டி மார்க் 3-ன் ஐஎஸ்ஓ 6400 படம் ஒன்றை அதில் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் புது பாடி வேண்டுமா என்று யோசியுங்கள். ஆயிரக்கணக்கான படங்களுக்கு இதை ஓட்ட நேரமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும் என்பது உண்மைதான். ஆல்பத்துக்குத் தேர்வான படங்களுக்கு மட்டும் ஓட்டினால் போதும்.

ரிசப்ஷன் மேடையில் ஊதாவும் நீலமுமாக அடிக்கும் கலர் லைட்டில் முகம் கெட்டுப்போவதற்கு எந்த சென்சாரிடமும் மருந்து கிடையாது. டெக்கரேஷன்காரரிடம் பேசி மணமக்கள் நிற்கும் இடத்தில் வெள்ளை லைட் போடச் சொல்வது ஒன்றே வழி. அதை நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே பேசிவிட வேண்டும்.

மெகாபிக்சல் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நம் ஆல்பங்களில் வழக்கமான அளவு விரித்தால் 12-க்கு 36 அங்குலம். ஒரே படத்தை முழு விரிப்புக்கும் போட்டால், 5டி மார்க் 3-ன் 5760 பிக்சல் அகலம் அங்குலத்துக்கு 160 புள்ளி தரும். 24 மெகாபிக்சல் பாடி 167 தரும். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது. 45 மெகாபிக்சல் ஆர்5-ல் 228 வரும், அதற்கு விலையாக ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஹார்ட் டிஸ்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் போகும்.

வீடியோவும் நீங்களே எடுப்பதாக இருந்தால் கணக்கு வேறு. 5டி மார்க் 3, டி750 இரண்டிலும் 4கே கிடையாது, வீடியோவில் அவற்றின் ஆட்டோபோகஸை நம்ப முடியாது, பெரும்பாலும் கையால்தான். சினிமேட்டிக் வேலை எடுக்க நினைப்பவருக்கு மிரர்லெஸ் தேவைதான். 2021-ல் வந்த ஏ7 மார்க் 4 போன்றவை நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் வீடியோ தருகின்றன, பட்டுப்புடவையின் அரக்கும் ஜரிகையும் கலர் திருத்தத்தில் உடையாமல் நிற்க அது உதவும். ஆனால் அந்த 10 பிட் ஃபைலைப் பழைய கம்ப்யூட்டரில் ஓட்டினால் திக்கித் திக்கித்தான் போகும். எடிட் செய்பவரிடம் ஒரு மாதிரி ஃபைலைக் கொடுத்து ஓட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

இது நம்மைச் செலவுக்குக் கொண்டுவருகிறது. பாடியின் விலையோடு செலவு நிற்பதில்லை. முதலில் பேட்டரி. டி750 ஒரு சார்ஜில் 1230 படம் எடுக்கும் என்று அளவிடப்பட்டது, ஆர்6-க்கு வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் 380. நடைமுறையில் இதைவிட அதிகம் வந்தாலும், சாயங்கால ரிசப்ஷனும் விடிகாலை முகூர்த்தமும் சேர்ந்த கல்யாணத்துக்கு மூன்று நான்கு பேட்டரியாவது பையில் இருக்க வேண்டும். அப்புறம் வேகமான கார்டுகள். கேனனிலிருந்து கேனனுக்கே போனால் பழைய ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் குறையில்லாமல் வேலை செய்யும், இதனால் கேனன்காரர்களுக்கு மாறுவது எளிது. நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஓடும், ஆனால் பாடியின் மோட்டாரை நம்பியிருந்த பழைய டி வகை லென்ஸ்களுக்கு ஆட்டோபோகஸ் கிடைக்காது. 50 எம்எம் 1.8டி, 85 எம்எம் 1.8டி வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேனனிலிருந்து சோனிக்குத் தாவுவது இன்னும் பெரிய செலவு. சோனிக்கு சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் நிறைய உண்டு, டாம்ரானின் 35-150 எஃப் 2-2.8 கல்யாணத்துக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. ஆனால் லென்ஸ்களோடு பிளாஷும், அதைத் தூரத்திலிருந்து அடிக்க வைக்கும் டிரிக்கரும்கூட மாற வேண்டும், கேனனுக்கான கோடாக்ஸ் டிரிக்கர் சோனியின் மேல் முழுமையாக வேலை செய்யாது. கேனன் லென்ஸை அடாப்டரில் சோனியில் மாட்டி முகூர்த்தம் எடுப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பாடி 2,00,000 ரூபாய், கார்டு, பேட்டரி, அடாப்டர் எல்லாம் சேர்ந்து 40,000. நான்கு ஆண்டு உழைத்த பிறகு 60,000-க்கு விற்கிறோம். நிகரச் செலவு 1,80,000, ஆண்டுக்கு 45,000. ஆண்டுக்கு 30 கல்யாணம் எடுப்பவருக்கு ஒரு கல்யாணத்துக்கு 1,500 விழுகிறது. தாராளமாகத் தாங்கும். 10 கல்யாணம் எடுப்பவருக்கு 4,500. அதே பாடி வாடகைக்கு ஒரு கல்யாணத்துக்கு 3,000 என்று கிடைத்தால், ஆண்டுக்கு 15 கல்யாணத்துக்குக் கீழே எடுப்பவருக்கு வாடகையே லாபம். உங்கள் ஊர் வாடகையையும் உங்கள் எண்ணிக்கையையும் போட்டு இதைத் திருத்திக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் வரவு ஏறவில்லை என்பதையும் கவனியுங்கள். எந்தப் பாடி என்று கேட்டு யாரும் பேக்கேஜ் பேசுவதில்லை. படங்கள் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

கேமராக்களுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரி 1 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நீங்கள் வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்து வரி வசூலிப்பவராக இருந்தால், வரியோடு சேர்த்து 2,00,000 என்ற பில்லில் சுமார் 30,500 ரூபாய் உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும். பில் இல்லாமல், இந்திய வாரண்டி இல்லாமல் கைமாறும் பாடியை 20,000 குறைவு என்று வாங்குபவர் உண்மையில் நஷ்டப்படுகிறார். தவணையில் வாங்குவதென்றால், ஆடி, மார்கழி மாதங்களிலும் தவணை வரும் என்பதை மனத்தில் வையுங்கள். அப்போது வருமானம் வராது.

ஷட்டரின் ஆயுளும் ஒரு காரணமாகச் சொல்லப்படும். 5டி மார்க் 3, டி750 இரண்டும் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டவை. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம், ஆண்டுக்கு 30 கல்யாணம் என்றால் 90,000. இரண்டு ஆண்டிலேயே அந்த எண்ணைத் தாண்டிவிடும். தாண்டியதும் நின்றுவிடாது, பல பாடிகள் வெகுதூரம் ஓடுகின்றன. நின்றால் ஷட்டரை மட்டும் மாற்றலாம், புது பாடி விலையில் அது சிறு பங்கு. ஆனால் எண் தாண்டிய பாடி ஒன்றை மட்டும் நம்பி முகூர்த்தத்துக்குப் போகாதீர்கள். கைவசம் இரண்டாவது பாடி இல்லாதவருக்கு முதல் செலவு அதுதான்.

மாற்றுவது என்று முடிவானால், முதலில் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பாடியை வாடகைக்கு எடுத்து, பழையதை முக்கியப் பாடியாகவும் அதை இரண்டாவதாகவும் வைத்து எடுங்கள். வந்து படங்களைக் கழித்துப் பாருங்கள். எந்தக் குறைக்காக மாற்ற நினைத்தீர்களோ அது உண்மையில் தீர்ந்ததா என்று அந்தப் படங்களே சொல்லிவிடும். வாங்கிய பிறகு பழைய பாடியை உடனே விற்க வேண்டாம். பழைய 5டி இப்போது விற்றால் கிடைக்கும் தொகை சொற்பம், மாற்றுப் பாடியாக அதன் மதிப்பு பெரிது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் இரண்டிலும் ஒரே கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) எண்ணில் பூட்டுங்கள். ஒரே முகம் ஒன்றில் மஞ்சளாகவும் மற்றதில் சிவப்பாகவும் வருவது பெருமளவு குறையும். ரிசப்ஷனுக்குக் கிளம்பும் முன் இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லைட்ரூமில் நேர வரிசைப்படி அடுக்கும்போது தாலி கட்டிய படத்துக்குப் பிறகு மாலை மாற்றும் படம் வந்து நிற்கும், டிசைனர் போன் செய்வார்.